கோட்டிலிருந்து சமன்பாட்டுக்கு: நடுவில் ஓர் அட்டவணை

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மகள் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சமன்பாட்டைக் கொடுத்தால் வரைபடத்தாளில் கோட்டைச் சரியாக வரைந்துவிடுகிறாள். கோட்டைக் கொடுத்து "இதன் சமன்பாடு என்ன?" என்று கேட்டால் தடுமாறுகிறாள். "ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி" என்று சூத்திரத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டியூஷனில் வைத்த தேர்வில் இந்தப் பகுதியில் இரண்டு கணக்கும் தப்பு. விடைத்தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டில் நானே சொல்லிக்கொடுக்க முடியுமா? இல்லை, டியூஷனை மாற்றவேண்டுமா?

— ஒரு தாய், சென்னை

பதில்:

வணக்கம் அம்மா. விடைத்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. தப்பு எங்கே நடக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வராமல் இல்லை. ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் படியை நீங்களே வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம். டியூஷனை மாற்ற இது ஒரு காரணமே இல்லை.

முதல் கணக்கைப் பார்ப்போம். கேள்வித்தாளில் உள்ள வரைபடத்தில் எக்ஸ் அச்சில் 1 செ.மீ. என்பது 1 அலகு. ஒய் அச்சில் 1 செ.மீ. என்பது 10 அலகுகள். மேல் மூலையில் அளவுத்திட்டம் என்று போட்டு எழுதியும் இருக்கிறது. கோடு ஒய் அச்சை 20-இல் வெட்டி வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் பெண் எழுதிய விடை ஒய் = 3/2 எக்ஸ் + 20.

இதில் 20 சரி. அச்சில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறாள். 3/2 எங்கிருந்து வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டின் கீழே பென்சிலால் ஒரு சிறிய செங்கோண முக்கோணம் போட்டு, வலப்பக்கம் 2 கட்டம், மேலே 3 கட்டம் என்று எண்ணியிருக்கிறாள். தாளில் கட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மேலே போன அந்த 3 கட்டத்தின் மதிப்பு 30. ஆகவே சாய்வு, அதாவது எக்ஸ் 1 கூடும்போது ஒய் மாறும் அளவு, 30/2 = 15. சமன்பாடு ஒய் = 15 எக்ஸ் + 20. ஒரே விடைக்குள் ஒரு எண்ணை அச்சிலிருந்தும் இன்னொரு எண்ணைக் கட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டாள்.

இரண்டாவது கணக்கில் கோடு ஒய் அச்சை 6-இலும் எக்ஸ் அச்சை 4-இலும் வெட்டுகிறது. இடமிருந்து வலமாகப் பார்த்தால் இறங்கும் கோடு. புள்ளிகள் (0, 6), (4, 0) என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். பிறகு சாய்வுக்கு மேலே 6 − 0, கீழே 4 − 0 என்று போட்டு 3/2 என்று முடித்துவிட்டாள். மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்தாள். கீழே இரண்டாவதிலிருந்து முதல் புள்ளியைக் கழித்தாள். குறை குறி காணாமல் போய்விட்டது. கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருக்கும் கோட்டுக்கு ஏறும் கோட்டின் சாய்வை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறாள்.

இரண்டு தப்பும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். கோட்டைப் பார்த்ததும் நேரே சூத்திரத்துக்குப் போய்விடுகிறாள். சமன்பாட்டிலிருந்து கோடு வரையும்போது அவள் என்ன செய்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸுக்குச் சில மதிப்புகள் கொடுத்து, ஒய் கண்டுபிடித்து, ஓர் அட்டவணை போடுகிறாள். அட்டவணையில் உள்ள புள்ளிகளைக் குறித்து அளவுகோலை வைத்து இணைக்கிறாள். சமன்பாடு, அட்டவணை, கோடு: இந்த வரிசையில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. திரும்பி வரும்போதும் அதே வழியில் வந்தால் போதும். கோடு, அட்டவணை, சமன்பாடு. வரும் வழியில் அட்டவணை போடு என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பகுதியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

ஆகவே உங்கள் பெண்ணிடம் முதலில் சூத்திரத்தைக் கேட்காதீர்கள். கோட்டைக் காட்டி, "இதன்மேல் இருக்கிற நாலு புள்ளிகளைப் படித்து அட்டவணையாக எழுது" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் கணக்கில் அவள் எழுதவேண்டியது இது:

எக்ஸ்: 0, 2, 4, 6
ஒய்: 20, 50, 80, 110

இந்த எண்களை அச்சைப் பார்த்தால்தான் எழுத முடியும். கட்டத்தை எண்ணி எழுதவே முடியாது. அளவுத்திட்டத் தப்பு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. அடுத்து, "எக்ஸ் 2 கூடும்போது ஒய் எவ்வளவு கூடுகிறது?" என்று கேளுங்கள். 30 என்பாள். "எக்ஸ் 1 கூடினால்?" 15. அதுதான் சாய்வு, சூத்திரத்தில் வரும் எம். "எக்ஸ் 0 ஆக இருக்கும்போது ஒய் எவ்வளவு?" 20. அது வெட்டுத்துண்டு, சூத்திரத்தில் வரும் சி. இதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதச் சொல்லுங்கள். எம் என்பதும் சி என்பதும் என்னவென்று புரிந்து எழுதுவாள்.

இரண்டாவது கணக்குக்கும் அதேதான். எக்ஸ் 0, 2, 4 என்று போனால் ஒய் 6, 3, 0. எக்ஸ் 2 கூடும்போது ஒய் 3 குறைகிறது. குறைகிறது என்று வாயால் சொன்ன பிள்ளை குறை குறியை விடமாட்டாள். சாய்வு −3/2. சமன்பாடு ஒய் = −3/2 எக்ஸ் + 6.

எந்தப் புள்ளிகளை எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். வரைபடத்தாளில் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் சந்திக்கும் முனையை நம் கோடு சரியாகத் தொட்டுப் போகும் இடங்களை எடுக்கவேண்டும். கட்டத்துக்கு நடுவே போகும் இடத்தில் மதிப்பைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதக் கூடாது. இன்னொன்று, புள்ளிகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கவேண்டும். முதல் கணக்கின் அளவுத்திட்டத்தில் ஒரு சிறு கட்டம், அதாவது 1 மி.மீ., ஒய் அச்சில் 1 அலகு. பிள்ளை (0, 20), (1, 35) என்ற பக்கத்துப் புள்ளிகளை எடுத்து, 35-ஐ ஒரு சிறு கட்டம் தவறி 36 என்று படித்துவிட்டால் சாய்வு 16 ஆகிவிடும். (0, 20), (6, 110) என்று தள்ளி எடுத்து, 110-ஐ 111 என்று அதே அளவு தவறிப் படித்தால்கூட 91-ஐ 6-ஆல் வகுக்க 15.17 வரும். தவறு அதேதான், ஆனால் அது 6-ஆல் வகுபட்டுச் சிறிதாகிவிடுகிறது.

எல்லாக் கோடும் ஒய் அச்சை முழு எண்ணில் வெட்டாது. பிள்ளைகள் அதிகம் திணறுவது இந்த மாதிரிக் கோட்டில்தான், ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு கோடு (1, 2), (4, 4), (7, 6) வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒய் அச்சை 1-க்கும் 2-க்கும் நடுவே எங்கோ வெட்டும். உற்றுப் பார்த்து 1.3 என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. அட்டவணையில் எக்ஸ் 3 கூடும்போது ஒய் 2 கூடுகிறது, சாய்வு 2/3. இப்போது கையில் ஒரு புள்ளியும் சாய்வும் இருக்கின்றன. புத்தகத்தில் புள்ளி-சாய்வு வடிவம் என்று இருப்பது இதற்காகத்தான்: ஒய் − 2 = 2/3 (எக்ஸ் − 1). இருபுறமும் 3-ஆல் பெருக்க 3 ஒய் − 6 = 2 எக்ஸ் − 2. ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் 2 எக்ஸ் − 3 ஒய் + 4 = 0. எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் 4/3 வருகிறது. கண்ணால் பார்த்த 1.3 அதற்கு மிக அருகில்தான் இருந்தது, ஆனால் விடை அதுவல்ல. (7, 6)-ஐப் போட்டுப் பாருங்கள்: 14 − 18 + 4, பூச்சியம். 1.3 என்று எழுதியிருந்தால் பூச்சியம் வராது.

இப்படிப் போட்டுப் பார்ப்பதை ஒவ்வொரு கணக்கிலும் கட்டாயமாக்குங்கள். சமன்பாடு எழுத இரண்டு புள்ளிகள் போதும். மூன்றாவது புள்ளியை சோதனைக்கென்றே அட்டவணையில் ஒதுக்கி வைக்கவேண்டும். உங்கள் பெண் தன் முதல் விடையில் (4, 80)-ஐப் போட்டுப் பார்த்திருந்தால் 3/2-ஐ 4-ஆல் பெருக்கி 6, அதோடு 20, மொத்தம் 26 என்று வந்திருக்கும். கோட்டில் 80 இருக்கிறது, கணக்கில் 26 வருகிறது. தேர்வு அறையிலேயே திருத்தியிருப்பாள். அரை நிமிட வேலை இது. சமன்பாடு எழுத எடுத்த அதே புள்ளியைச் சோதனைக்கும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்வு தப்பாக இருந்தாலும் அந்தப் புள்ளி மட்டும் பொருந்திவிடக்கூடும்.

வீட்டில் சொல்லிக்கொடுக்க நல்ல உதாரணம் வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. 2013-இல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். எக்ஸ் அச்சில் தூரம், ஒய் அச்சில் கட்டணம் என்று வைத்து உங்கள் பெண்ணையே வரையச் சொல்லுங்கள். 1.8 கி.மீ. வரை கோடு 25-இல் படுத்தே போகும். அதன்பிறகு ஏறும். ஏறும் பகுதியின் சமன்பாட்டைக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் ஒய் = 12 எக்ஸ் + 25 என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அட்டவணை போட்டால் உண்மை தெரிந்துவிடும். 1.8 கி.மீ.க்கு 25, 2.8-க்கு 37, 3.8-க்கு 49, 6.8-க்கு 85. அவள் சொன்ன சமன்பாட்டில் 3.8-ஐப் போட்டால் 45.60 + 25 = 70.60 வருகிறது. அட்டவணையில் இருப்பது 49. எங்கே கோளாறு? 25 என்பது 1.8 கி.மீ.யில் உள்ள மதிப்பு. பூச்சியத்தில் உள்ள மதிப்பல்ல. ஏறும் கோட்டை அளவுகோல் வைத்துப் பின்னோக்கி நீட்டச் சொல்லுங்கள். 1.8 கி.மீ. பின்னால் வந்தால், கிலோமீட்டருக்கு 12 வீதம் 21 ரூபாய் 60 காசு இறங்கவேண்டும். 25-இல் 21.60 போனால் 3.40. கோடு ஒய் அச்சைத் தொடும் இடம் 3.40. ஆகவே ஒய் = 12 எக்ஸ் + 3.40. இப்போது 6.8-ஐப் போட்டுப் பாருங்கள்: 81.60 + 3.40 = 85. பொருந்துகிறது.

இந்த 3.40 ரூபாயை யாரும் எந்தப் பயணத்துக்கும் கொடுக்கப்போவதில்லை. நீட்டிய கோடு அச்சைச் சந்திக்கும் இடம் அது, அவ்வளவே. வெட்டுத்துண்டு என்றால் "ஆரம்பத் தொகை" என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில கணக்குகளில் அது ஆரம்பத் தொகையாக அமையும், இந்த ஆட்டோக் கணக்கில் அமையவில்லை. எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போது கோடு நிற்கும் உயரம் என்று சொல்லிக்கொடுத்தால் எங்கும் தவறாது. அந்தச் சமன்பாடு 1.8-க்குமேல்தான் செல்லும் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு அளவுகளும் காட்டும் காய்ச்சல் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னொரு கணக்கும் போடலாம். செல்சியஸ் எக்ஸ் அச்சில், ஃபாரன்ஹீட் ஒய் அச்சில். தண்ணீர் உறையும் புள்ளி (0, 32), கொதிக்கும் புள்ளி (100, 212). எக்ஸ் 100 கூட ஒய் 180 கூடுகிறது, சாய்வு 1.8. ஒய் = 1.8 எக்ஸ் + 32. சோதனைப் புள்ளி உடம்பின் வழக்கமான சூடு: 37-ஐப் போட்டால் 66.6 + 32 = 98.6. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எண் தன் சமன்பாட்டிலிருந்து தானாக வந்து விழும்போது வரும் நம்பிக்கை, பத்துக் கணக்கு போட்டாலும் வராது.

அச்சு பூச்சியத்தில் தொடங்காத வரைபடங்களும் உண்டு. ஒய் அச்சு 50-இலிருந்து ஆரம்பிக்கும், அல்லது எக்ஸ் அச்சு 2010 என்ற ஆண்டிலிருந்து ஆரம்பிக்கும். அங்கே கோடு இடது ஓரத்தைத் தொடும் இடத்தை வெட்டுத்துண்டு என்று எழுதிவிடக் கூடாது. அட்டவணை போட்டு, புள்ளி-சாய்வு வடிவத்தில் எழுதினால் தொல்லையில்லை.

படுத்த கோட்டிலும் நின்ற கோட்டிலும் நிறையப் பேர் மாற்றி எழுதுவார்கள். எக்ஸ் அச்சுக்கு இணையான கோடு என்றதும் சமன்பாட்டிலும் எக்ஸ் வரவேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இதற்கும் மருந்து அட்டவணையே. படுத்த கோட்டில் (0, 4), (1, 4), (5, 4) என்று எழுதினால் மாறாமல் நிற்பது ஒய்; ஆகவே ஒய் = 4, சாய்வு 0. நின்ற கோட்டில் (3, 0), (3, 2), (3, 7); மாறாதது எக்ஸ், ஆகவே எக்ஸ் = 3. இதற்குச் சாய்வு எழுத முயன்றால் கீழே பூச்சியம் வரும். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால் இந்தக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுதவேண்டும். 0 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இரண்டு அச்சையும் வெட்டும் கோட்டுக்கு வெட்டுத்துண்டு வடிவம் வசதியானது. உங்கள் பெண்ணின் இரண்டாவது கணக்கையே எக்ஸ்/4 + ஒய்/6 = 1 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். சுருக்கினால் 3 எக்ஸ் + 2 ஒய் − 12 = 0. மேலே எழுதிய ஒய் = −3/2 எக்ஸ் + 6 என்பதும் இதுவும் ஒன்றுதான். இதைக் குறிப்பாகச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் புத்தகத்தின் பின்பக்க விடை எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்த வடிவில் இருக்கும். பிள்ளை வேறு வடிவில் சரியாக எழுதிவிட்டு, விடை வேறாக இருக்கிறதே என்று அடித்துவிடுவாள். ஐயம் வந்தால் இரண்டிலும் ஒரே புள்ளிகளைப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு புள்ளிகள் இரண்டிலும் பொருந்தினால் இரண்டும் ஒரே கோடு.

அறிவியல் பாடத்தில் ஓம் விதி வரும்போதும் இது உதவும். மின்னழுத்தம் ஒய் அச்சிலும் மின்னோட்டம் எக்ஸ் அச்சிலும் இருந்தால் கோட்டின் சாய்வு மின்தடை. அச்சுகளை மாற்றிப் போட்டால் சாய்வு மின்தடையின் தலைகீழி ஆகிவிடும். ஆகவே எந்த அச்சில் எது என்று பார்க்காமல் சாய்வு எழுதக் கூடாது. சோதனையில் எடுத்த அளவுகள் கோட்டின்மேல் கச்சிதமாக விழாமல் அக்கம்பக்கத்தில் சிதறி இருக்கும். அப்போது சாய்வுக்கான இரண்டு புள்ளிகளை வரைந்த கோட்டின் மேலிருந்து எடுக்கவேண்டும், அளந்து குறித்த புள்ளிகளிலிருந்து அல்ல.

பயிற்சிக்குத் தனியாக நோட்ஸ் எதுவும் வாங்கவேண்டாம். உங்கள் பெண்ணுக்குத்தான் சமன்பாட்டிலிருந்து கோடு வரைய நன்றாக வருகிறதே. அவளையே ஐந்தாறு சமன்பாடுகளுக்கு, ஒவ்வொன்றும் வேறு அளவுத்திட்டத்தில், தனித்தனித் தாளில் கோடு வரையச் சொல்லுங்கள். சமன்பாட்டைத் தாளின் பின்பக்கம் எழுதட்டும். நாலு நாள் கழித்து, மறந்திருக்கும் நேரத்தில், தாள்களைக் கலைத்து முன்பக்கத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். அட்டவணை எழுதாமல் விடை சொன்னால், சரியாகவே சொன்னாலும், ஏற்றுக்கொள்ளாதீர்கள். விடை சரியா என்று நீங்கள் கணக்குப் போடவேண்டியதே இல்லை, தாளைத் திருப்பினால் போதும்.

கடைசியாக இரண்டு கோடுகள் தருகிறேன். ஒன்று (2, 70), (5, 40), (8, 10) வழியாகப் போவது. மற்றது (−3, 1), (1, 4), (5, 7) வழியாகப் போவது. முதலாவதற்கு எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 அலகுகள் என்று எடுத்து நீங்களே வரைந்து, புள்ளிகளின் எண்களைச் சொல்லாமல் கோட்டை மட்டும் கொடுங்கள். விடை ஒய் = −10 எக்ஸ் + 90. இரண்டாவதை இரு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு என்று வரையலாம்; விடை 3 எக்ஸ் − 4 ஒய் + 13 = 0. முதலாவதற்குச் சாய்வு −1 என்று எழுதினால் இன்னும் கட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்; அட்டவணைக்குத் திரும்பக் கூட்டிப்போங்கள்.